திரைக்குப் பின்னால் நான்கு ஸ்பீக்கர்கள்

1994-ஆம் ஆண்டு ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து ஒரு சோதனை நடந்தது. ஜேபிஎல், இன்ஃபினிட்டி ஆகிய பெயர்களில் ஸ்பீக்கர் விற்கும் அமெரிக்க நிறுவனம் அது. ஊழியர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நான்கு ஸ்பீக்கர்களில் பாட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவது. நான்கில் இரண்டு நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புகள். பெரியவை, விலை கூடியவை, பார்க்க அழகானவை. ஒன்று, நல்ல பெயர் வாங்கிய போட்டி நிறுவனத்துடையது. நான்காவது, சின்னஞ்சிறு பெட்டிகளும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த மலிவு செட்.

ஒரு சுற்றில் ஸ்பீக்கர்கள் கண்ணெதிரே இருந்தன. இன்னொரு சுற்றில், ஒலி தடையின்றி ஊடுருவும் திரைக்குப் பின்னால் மறைத்து வைக்கப்பட்டன. திரை இருந்தபோது மலிவு செட் பெரியவற்றுக்கு ஈடுகொடுத்து நின்றது. திரை விலகியதும் அதன் மதிப்பெண் சரிந்தது. பெரிய ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது. ஒலியில் துளி மாற்றமும் கிடையாது. இன்னொரு விசித்திரமும் வெளிப்பட்டது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றினாலோ பாட்டை மாற்றினாலோ காதுக்குச் சட்டென்று தெரிய வேண்டிய வேறுபாடுகளைக்கூட, பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஸ்பீக்கர் விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் காதுக்கே இந்தக் கதி.

சோதனையை நடத்தியவர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள். இருவரும் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலிருந்து ஹார்மனுக்குப் போனவர்கள். மனிதர்கள் ஒலி வரும் திசையை எப்படி உணர்கிறார்கள் என்பதில் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கிய டூல், 1965-இல் ஒட்டாவாவில் அந்த மன்றத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது எதிரொலியே இல்லாத ஓர் அளவீட்டு அறை. கூடவே ஒரு கேள்வியும் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கரின் தரம் ஆளுக்கு ஆள் மாறும் ரசனைதானா, இல்லை அளந்து சொல்லக்கூடிய ஒன்றா? இருபது ஆண்டுகள் அளந்தும், திரைக்குப் பின்னால் கேட்கவைத்தும், 1986-இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் அவர் விடை எழுதினார். கண்ணை மறைத்துவிட்டால், காது நன்றாக உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்பீக்கர்கள் அளவீட்டு வரைபடத்திலும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றன.

கையில் குறைவான பணத்தோடு முதல் ஹை-ஃபை செட் வாங்கக் கிளம்புகிறவருக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு இருக்க முடியாது. அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்தான் அவருடைய பட்ஜெட். அந்த வகையில் நல்லதையும் சுமாரானதையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது, பணம் எதை வாங்கித் தரும், எதைத் தராது என்பதெல்லாம் இன்று பெரும்பாலும் தெரிந்த சங்கதிகள். விளம்பரத் தாள்களில்தான் அவை ஏறுவதில்லை.

முதலில் எது முடியாது என்று பார்த்துவிடலாம். சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பாஸ், அதுவும் சத்தமாக, அதுவும் குறைந்த மின்சக்தியில் வர வேண்டும் என்று கேட்டால் இயற்பியல் கையை விரித்துவிடும். சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிகத் திறன் ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர். கேஎல்ஹெச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரிலுள்ள 'ஹெச்', அந்த அன்டன் ஹாஃப்மன்தான். பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன். அப்பா பெரிய வாத்தியத்தில் எழுப்பிய ஒலியைப் பிள்ளை சின்னப் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்ற வகையே அந்த விதியோடு போட்ட ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். 1950-களின் தொடக்கம் வரை நல்ல பாஸ் வேண்டுமென்றால் குளிர்பதனப்பெட்டி அளவுள்ள மரப்பெட்டி வேண்டும். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் வேறு வழி யோசித்தார். கீழ்ச்சுரத்தை எழுப்பும் வூஃபரின் கூம்பை அதன் இடத்துக்குத் திரும்ப இழுக்கும் விறைப்பான விளிம்பைத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கினார். சாதாரண ஸ்பிரிங்கைவிட அந்தக் காற்று ஒழுங்காக இயங்கியது, உருக்குலைவு குறைந்தது. தன் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954-இல் அவர் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஏஆர்-1 என்ற மாடலை விற்றது. புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து, பெரிய பெட்டிகளே வெட்கப்படும் பாஸ் வந்தது. கொடுத்த விலை திறன்: அதை முழங்கவைக்கச் சக்தி மிகுந்த ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டது.

இன்னொரு வழி, பெட்டியில் குழாய் போன்ற துளை விடுவது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1930-களிலேயே காப்புரிமை பெற்ற உத்தி அது. அதைக் குத்துமதிப்பு வேலையாக இருந்த நிலையிலிருந்து கணக்குப் போட்டுச் செய்யும் வேலையாக மாற்றியவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால். ஒருவர் ஆஸ்திரேலியர், மற்றவர் சிட்னியில் ஆய்வு செய்த அமெரிக்கர். ஸ்பீக்கரின் சில அடிப்படை எண்களை அளந்தால் போதும், எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று பெட்டியை அறுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். இன்று கணினியில் யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் போடலாம். மலிவு ஸ்பீக்கர்களின் தரம் உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் 5 அங்குல வூஃபர் 5 அங்குலம்தான். ஒரே சத்த அளவில் அதிர்வெண் பாதியானால், கூம்பு முன்பின் நகர வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும். சின்ன வூஃபரால் அது முடியாது. முயன்றால் ஒலி உடையும். துளையில் காற்று 'புஸ் புஸ்' என்று இரையும். பாஸ் கிடாரின் அடிக்கம்பி எழுப்பும் கீழ்ச்சுரம் 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் இளையராஜா பாடல்களின் பாஸ் கிடார் ஓட்டம் சின்ன ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறது? அதற்கு நன்றி சொல்ல வேண்டியது மூளைக்கு. 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 82, 123 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மடங்குகள் காதில் விழுந்தால், விடுபட்ட அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. சுரம் எது என்பது புரிந்துவிடும். நெஞ்சில் வந்து மோதும் அதிர்வு மட்டும் வராது.

இந்த இழப்பைச் சிறியது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆலிவ் பிற்காலத்தில் செய்த கணக்கில், கேட்பவரின் விருப்பத்தில் சுமார் 30 சதவீதத்தைத் தீர்மானிப்பது பாஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதே. மிச்சமிருக்கும் 70 சதவீதத்தில்தான் ஒரு மலிவு ஸ்பீக்கர் பெரிய ஸ்பீக்கரோடு மல்லுக்கட்ட முடியும். பாஸுக்குப் பின்னாளில் ஒரு சப்வூஃபர் சேர்த்துக்கொள்ளலாம். மற்றது கோணலாக இருந்தால் பின்னாளில் நிமிர்த்த வழியில்லை.

அந்த மற்றது என்ன?

ஒன்று, நேராக முன்னால் வரும் ஒலி எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவது சங்கதிதான் அதிகம் பேசப்படாதது: பக்கவாட்டில் சிதறும் ஒலி. அறையில் உட்கார்ந்து கேட்கிறவர் காதுக்கு ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி முதலில் சேர்கிறது. அடுத்த சில மில்லிவினாடிகளில் பக்கச் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பிய ஒலிகள் வந்துசேர்கின்றன. மூளை இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. எல்லாம் சேர்ந்துதான் 'இந்த ஸ்பீக்கரின் குரல்' என்று அதற்குப் படுகிறது. பக்கவாட்டில் போகும் ஒலியின் நிறம் வேறாக இருந்தால், முன்பக்கம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கேட்பவருக்கு ஏதோ உறுத்தும். என்னவென்று சொல்லத்தான் தெரியாது.

சராசரி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கரில் இந்தக் கோளாறு வரும் இடம் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தது. பெட்டியில் இரண்டு உறுப்புகள்: கீழ்ச்சுரத்துக்கும் நடுச்சுரத்துக்கும் வூஃபர், உச்சத்துக்கு ஓர் அங்குல ட்வீட்டர். 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று ஒலியை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாற்றுகிறது. 2,500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 14 சென்டிமீட்டர். ஆறரை அங்குல வூஃபரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அலைநீளம் கூம்பின் அகலத்தை நெருங்கும்போது ஒலி விரியாமல் நேர்கோட்டில் குவிந்துவிடும். அதே கணத்தில் பொறுப்பை வாங்கிக்கொள்ளும் சின்ன ட்வீட்டரோ நாலாபக்கமும் விரித்து வீசும். ஆக முன்னால் அளந்தால் கோடு நேராக இருக்கும். பக்கவாட்டில் அளந்தால் 2,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம், அதற்கு மேலே ஒரு மேடு. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதை ஒட்டியே வருகிறது. டோன் கன்ட்ரோலைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. முன்னால் குறைத்தால் பக்கத்திலும் சேர்ந்தே குறையும்.

சரிசெய்வது பெட்டியை வடிவமைப்பவரின் கையில் இருக்கிறது. ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போன்ற ஒரு குழிவு வைத்தால், அதன் விரிவு வூஃபரின் விரிவுக்கு ஏற்ப அடங்கும். இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த யூனி-க்யூ அமைப்பில் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. இல்லையென்றால் சிறிய வூஃபரைத் தேர்ந்து, கிராஸ்ஓவரைக் கீழே இறக்கலாம். இவற்றில் எதுவும் தங்கத்தில் செய்யும் வேலை இல்லை. அச்சில் வார்த்த ஒரு பிளாஸ்டிக் குழிவுக்கு ஆகும் செலவு அற்பம். அதன் வளைவைக் கண்டுபிடிக்க ஆன மூளைச் செலவுதான் பெரிது. ஆயிரக்கணக்கில் விற்கும்போது அந்தச் செலவும் பெட்டிக்குச் சில ரூபாயாகக் கரைந்துவிடும். விலைக்கும் தரத்துக்கும் உள்ள கயிறு ஸ்பீக்கர் உலகில் இவ்வளவு தொளதொளப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

பக்கவாட்டு ஒலியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதிலும் ஒரு சுவையான மோதல் நடந்தது. அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஸ்பீக்கர் எல்லாத் திசையிலும் வெளிவிடும் மொத்த ஒலிச்சக்தியை அளந்து, அதைக் கொண்டு 'துல்லிய மதிப்பெண்' போட்டுவந்தது. அந்த எண்ணை நம்பி ஸ்பீக்கர் வாங்கியவர்கள் ஏராளம். இதழ் மதிப்பிட்ட 13 ஸ்பீக்கர்களை ஆலிவ் எடுத்தார். பெரும்பாலும் அலமாரி வகைதான். பயிற்சி பெற்ற காதுகளுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அவற்றை ஒலிக்கவிட்டார். இதழின் மதிப்பெண்ணுக்கும் கேட்டவர்களின் விருப்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொத்தச் சக்தி என்ற ஒற்றைக் கோட்டில் நேரடி ஒலியும் எதிரொலியும் குழம்பிப்போயிருந்தன. காது முதலில் வருவதற்கு ஒரு மரியாதையும் பின்னால் வருவதற்கு வேறொரு மரியாதையும் தருகிறது. அளவீடு அதைப் பின்பற்றவில்லை.

2004-இல் ஆலிவ் தன் சூத்திரத்தை வெளியிட்டார். ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 டிகிரிக்கு ஒன்றாக 70 அளவீடுகள். அவற்றிலிருந்து நேரடி ஒலி, முதல் எதிரொலிகள், மொத்த ஒலிச்சக்தி என்று தனித்தனிக் கோடுகள். கோடுகள் எவ்வளவு வழவழப்பாகப் போகின்றன, பாஸ் எங்கே விழுகிறது என்பவற்றிலிருந்து ஒரு மதிப்பெண். 70 ஸ்பீக்கர்களில் சோதித்தபோது சூத்திரம் கணித்ததும் காதுகள் சொன்னதும் 0.86 என்ற அளவுக்கு ஒத்துப்போயின. 1 என்றால் முழுப் பொருத்தம். பயிற்சி இல்லாதவர்களின் ரசனை வேறாக இருக்குமே என்ற சந்தேகத்துக்கும் அவர் முந்தைய ஆண்டே பதில் சொல்லியிருந்தார்: 250-க்கும் மேற்பட்ட சாதாரணக் கேட்பாளர்களிடம் சோதித்ததில் தரவரிசை மாறவில்லை. பயிற்சி பெற்றவர்கள் கொஞ்சம் கறாராக மதிப்பெண் போட்டார்கள், முன்னுக்குப் பின் முரண்படாமல் போட்டார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த 70 அளவீட்டு முறை இன்று அமெரிக்காவில் ஒரு தொழில் தரநிலையாகவே இருக்கிறது. ஸ்பின்னொராமா என்பது அதன் செல்லப்பெயர். முன்பெல்லாம் அதற்கு எதிரொலியற்ற பெரிய அறை வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து கிளிப்பல் நிறுவனம் செய்த இயந்திரக் கையோ சாதாரண அறையிலேயே ஸ்பீக்கருக்கு மிக அருகில் மைக்கைச் சுற்றவிட்டு, தூரத்தில் எப்படிக் கேட்கும் என்பதைக் கணக்கிட்டுவிடுகிறது. இதனால் நிறுவனம் சாராதவர்கள் அளந்த வரைபடங்களும் நூற்றுக்கணக்கில் வெளிவந்துவிட்டன. ஸ்பீக்கர் வாங்குகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் மனத்திலுள்ள மாடலுக்கு அப்படியொரு வரைபடம் இருக்கிறதா என்று தேடுவது. நேரடி ஒலியின் கோடு மட்டமாக ஓடுகிறதா, முதல் எதிரொலிகளின் கோடு அதே சாயலில் மெல்லச் சரிகிறதா என்று பார்த்தாலே போதும். கணக்கு தெரிந்திருக்கத் தேவையில்லை.

விலை பற்றிய மூடநம்பிக்கையை உடைத்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம்: ஆண்ட்ரூ ஜோன்ஸ். கெஃப் நிறுவனத்தில் தொழில் பழகிய ஆங்கிலேயர். பயனியரின் உயர்தரப் பிரிவான டிஏடிக்காகப் பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர். அதே மனிதர் பயனியருக்காக ஒரு ஜோடி சுமார் 130 டாலருக்கு ஒரு ஸ்பீக்கர் செய்தார். 4 அங்குல வூஃபர், குழிவுக்குள் பதிந்த ஓர் அங்குல ட்வீட்டர், வளைந்த பக்கங்கள், கஞ்சத்தனம் காட்டாத கிராஸ்ஓவர். பெட்டியின் மேற்பூச்சு அதன் விலையை ஒளிக்கவில்லை, ஒலி ஒளித்தது. 2015-இல் எலாக் நிறுவனத்துக்குப் போய் டெபியூ வரிசையில் பி5 என்ற மாடலை ஒரு ஜோடி 230 டாலருக்குக் கொண்டுவந்தார். இவற்றில் டிஏடியின் பாஸும் சத்தமும் கிடைக்காது. பெரிலியம் ட்வீட்டரும் கிடைக்காது. நடுச்சுரத்தின் நேர்மை பெருமளவு கிடைக்கும். பாடுகிறவரின் குரல் குடியிருப்பது அங்கேதான்.

அதற்காக, புகழ்பெற்ற சின்ன ஸ்பீக்கர் எல்லாமே வீட்டுக்கு ஏற்றது என்று ஓடிவிடக் கூடாது. யமஹாவின் என்எஸ்-10 வீட்டு ஸ்பீக்கராகவே 1978-இல் வந்தது. வெள்ளைக் கூம்பு, பளிச்சென்ற தோற்றம். வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை; பாஸ் ஒல்லி, நடுச்சுரம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. ஒலிப்பதிவுக் கூடத்தினர் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். பதிவிலுள்ள பிசிறை ஈவிரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும் என்பதே அவர்களுக்கு வசதி. உச்ச ஒலியின் குத்தல் தாங்காமல் ட்வீட்டரின் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்களும் உண்டு. 2001-இல் உற்பத்தி நிற்கும்வரை உலகின் எத்தனையோ கூடங்களில் அதுதான் உரைகல். வீட்டில் ஓய்வாகப் பாட்டுக் கேட்கிறவருக்கு உரைகல் எதற்கு?

பிபிசியின் எல்எஸ்3/5ஏ-யும் அப்படித்தான் ஒரு தேவைக்காகப் பிறந்தது. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் பேச்சையும் இசையையும் சரிபார்க்க, 1970-களில் பிபிசி பொறியாளர்கள் செய்த காலணிப் பெட்டி அளவு ஸ்பீக்கர் அது. மனிதக் குரலுக்கு இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதன் திறன் சுமார் 83 டெசிபெல்தான். பெரிய ஹாலை நிரப்பச் சொன்னால் மூச்சு வாங்கும்.

டெசிபெல் என்றதும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு வந்துவிடலாம். திறன் என்ற எண் உருப்படியானது. 86 டெசிபெல் என்று போட்டிருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் அவ்வளவு சத்தம் என்று பொருள். 3 டெசிபெல் கூட வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். காதுக்கு இரட்டிப்புச் சத்தமாகத் தோன்ற 10 டெசிபெல், அதாவது 10 மடங்கு. இரண்டரை மீட்டரில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்டே ஏறக்குறையப் போதும். மேளம் திடீரென்று முழங்கும் உச்சத்துக்குத்தான் 30, 40 வாட் இருப்பு வேண்டும். எனவே நேர்மையான 50 வாட் ஆம்ப்ளிஃபையர் நடுத்தர அறைக்கு ஏராளம். நேர்மையான என்று சொல்லக் காரணம், நம் கடைகளில் பல காலம் கொடிகட்டிப் பறந்த பிஎம்பிஓ வாட். ஆயிரக்கணக்கில் போட்ட அந்த எண்ணுக்குத் தரநிலை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கேட்டால் போதும், காற்று இறங்கிவிடும். அதேபோல '40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று மொட்டையாகப் போட்டிருந்தாலும் பொருளில்லை. எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்ல வேண்டும். கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்றால் பேசலாம்.

கம்பிக்கும் ஒரு வார்த்தை. சில மீட்டர் தூரத்துக்குப் போதிய தடிமனுள்ள சாதாரணச் செப்புக் கம்பி போதும். ஸ்பீக்கரின் விலையில் பாதிக்கு விற்கும் கம்பி, கடைக்காரரின் வீட்டு ஹை-ஃபையைத்தான் மேம்படுத்தும்.

இனி கடையில் கேட்பது. நிபுணர்களின் ஆய்வகத்தில் ஒரு வசதி உண்டு. கலிஃபோர்னியாவில் ஹார்மன் கட்டிய கேட்பறையில், காற்றழுத்தத்தால் இயங்கும் தளம் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரை நகர்த்தி, சில வினாடிகளில் அதே இடத்தில் அடுத்ததை நிறுத்திவிடும். இடம் மாறினால் பாஸ் மாறும் என்பதால் இத்தனை ஏற்பாடு. கடையிலோ சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள்; ஒன்று மூலையில், ஒன்று நடுவில், ஒன்று காலடியில். மூலையில் இருப்பதற்கு இலவசமாகப் பாஸ் கிடைக்கும். ஒப்பிட விரும்புகிறவர் இரண்டையும் ஒரே இடத்தில், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி மாற்றி மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதைவிட முக்கியம் சத்தத்தைச் சமன்செய்வது. ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே, 'இது சத்தம்' என்று காதுக்குத் தோன்றாது, 'இது தெளிவு' என்று தோன்றும். திறன் கூடிய ஸ்பீக்கர் ஒவ்வொரு முறையும் இந்தக் குறுக்குவழியில் ஜெயிக்கும். செல்போனில் உள்ள ஒலிமானி செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், ஒன்றோடொன்று ஒப்பிட அது தடையில்லை. ஒரே இடத்தில் போனைப் பிடித்து, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே எண் வரும்வரை வால்யூமைத் திருப்ப வேண்டும். அடுத்து, ஜோடியில் ஒன்றை அணைத்துவிட்டு ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பது நல்லது. ஸ்டீரியோவின் விரிவு குறைகளை மூடிமறைக்கும், ஒற்றையில் அவை அம்பலமாகும் என்பது டூலின் பழைய கண்டுபிடிப்பு.

எதைக் கேட்பது? வெறும் தம்புராவும் குழலும் என்று மென்மையாகப் போட்டால் எந்த ஸ்பீக்கரும் இனிக்கும். கடைகளில் அதைத்தான் போடுவார்கள். குறையைப் பிடித்துத் தருவது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே நேரத்தில் நிரப்பும் ஒலி. ஹார்மன் சோதனைகளில் அதில் முன்னணியில் நின்றவை, அடைமழை போல இரையும் பிங்க் நாய்ஸும், ட்ரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' பாடலும். நம் வாசகர் தனக்கு மனப்பாடமான, வாத்தியங்கள் நெருக்கமாக ஒலிக்கும் ஒரு பாடலையும், நன்றாகப் பதிவான ஓர் ஆண் குரலையும் ஒரு பெண் குரலையும் கொண்டுபோகலாம். கரவொலியுள்ள கச்சேரிப் பதிவு ஒன்றும் கைவசம் இருந்தால் மிக நல்லது. கைதட்டல் தகரத்தில் மழை விழுவதாகக் கேட்டால் ட்வீட்டர் பகுதியில் கோளாறு. பாடல் ஓடும்போதே பக்கவாட்டில் நாலடி நடந்து பார்க்க வேண்டும். உச்சம் மெல்ல மங்கினால் சரி. குரலின் தன்மையே மாறினால், மேலே சொன்ன பள்ளமும் மேடும் அங்கே இருக்கிறது.

கடையில் ஜெயித்த ஸ்பீக்கர் வீட்டில் தோற்பதும் உண்டு. ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆட்சி அறையுடையது, ஸ்பீக்கருடையதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். அகலத்தின் வழியே 57 ஹெர்ட்ஸிலும் நீளத்தின் வழியே 47 ஹெர்ட்ஸிலும் ஒலி நின்று முழங்கும். கூரையும் பத்தடி உயரம் என்றால் அதே 57-இல் இரண்டு முழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெற்றுச் சுவர் என்று கட்டிய நம் வீடுகளில் உச்ச ஒலியும் அடங்காமல் அலையும். ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளிவைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 115 ஹெர்ட்ஸ் அருகே நேர் அலையைத் தின்றுவிடும். சுவரோடு ஒட்டிவைத்தால் பாஸ் வீங்கும். பின்பக்கம் துளையுள்ள பெட்டி திணறும். ஆகவே பத்து, இருபது சென்டிமீட்டராக நகர்த்திப் பார்ப்பதே வழி. உட்காரும் நாற்காலியை ஓரடி முன்னே இழுத்தால்கூட, ஐந்நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்க நினைத்த பாஸ் வந்துவிடலாம். தரையில் ஒரு கனத்த ஜமுக்காளம், பக்கச் சுவரில் புத்தக அடுக்கு, ஜன்னலில் தடித்த திரை ஆகியவை செய்யும் உதவியை எந்த விலையுயர்ந்த கம்பியும் செய்யாது.

மலிவு ஸ்பீக்கர் வாங்கும் பணத்தைப் பிரிக்கச் சொன்னால் தீர்ப்பு இதுதான்: பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு, அடுத்து உறுதியான ஸ்டாண்டுக்கும் அறைக்கும், மிச்சம் ஆம்ப்ளிஃபையருக்கு. 5 அங்குல வூஃபரும் அளவீட்டில் நல்ல பெயரும் உள்ள மாடலை, 6 அங்குலமும் வெறும் பெயரும் உள்ள மாடலுக்காக விட்டுவிட வேண்டாம். பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: வீட்டில் கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.